கலிங்கை உயர்த்தியவர்கள் நாங்கள்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் இதே பகுதியில் பக்கத்து வட்டத்து வாசகர் ஒருவர், தனியார் கையில் இருக்கும் கண்மாய்களை எல்லாம் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்ன தனியாரில் நானும் ஒருவன். பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஒப்புதல் வாக்குமூலமாகப் போய்விட்டது. 31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் கையில் பேனாவைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், பொறுத்துக்கொள்ளவும்.

சிங்கம்புணரிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தாத்தா தன் சொந்தப் பட்டா நிலத்தில், இரண்டு சரள் மேடுகளுக்கு நடுவே, ஆளும் மாடும் வைத்து மண்ணைக் கொட்டிக் கரை போட்ட கண்மாய் இது. கரை நீளம் 210 மீட்டர். உயரம், நல்ல இடத்தில், 11 அடி. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரே மடை, கண்மாய் நிறைந்தபின் மிஞ்சும் தண்ணீர் வழிந்து வெளியேற ஒரே கலிங்கு. நிறைந்தால் ஏழு ஏக்கரில் தண்ணீர் நிற்கும். 18 ஏக்கர் ஒரு போகம் பாயும். ஆற்று வரத்து, கால்வாய் வரத்து எதுவும் கிடையாது. மேட்டில் பெய்வது பள்ளத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். ஊரார் இதைத் தாத்தா பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். பட்டா இப்போது ஐந்து பங்காளிகள் பெயரில் கூட்டாக இருக்கிறது. ஒருவர் திருப்பூர், ஒருவர் சென்னை, இருவர் சிங்கப்பூர். ஊரில் இருப்பவன் நான். ஆகவே கண்மாய் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும், கண்மாய்க் கவலையில் ஐந்தில் ஐந்து பங்கும் எனக்கு.

ஒரு மண் கரையை யார் கெடுக்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் மழை என்பார்கள். 2019 ஜூலை 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற மண் அணை உடைந்து பத்தொன்பது பேராவது செத்துப்போனபோது, அந்த மாநில அமைச்சர் ஒருவர் நண்டுகள்தான் காரணம் என்றார். நாடே சிரித்தது. நான் முழுசாகச் சிரிக்கவில்லை. நண்டு வளையும் எலி வளையும் கரைக்கு ஆகாது என்பது கண்மாய்க்காரனுக்குத் தெரியும். ஆனால் நண்டு வளை போடுவது ஒரே நாளில் அல்லவே. அதுவரை கரையில் நடந்து பார்க்க ஆள் இல்லையா என்பதுதான் கேள்வி. எங்கள் கண்மாயில் நண்டைவிட அதிக சேதம் செய்தவர்கள் நாங்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

கலிங்கிலிருந்து தொடங்குகிறேன். தாத்தா கட்டிய கலிங்கு கருங்கல். மேலே ஒன்றரை முழ இடைவெளியில் குத்துக்கற்கள் நிற்கும். மழைக்காலம் முழுக்க அந்த இடைவெளி திறந்தே கிடக்க வேண்டும். கார்த்திகை கடந்து, இனிப் பெரிய மழை இல்லை என்று தெரிந்த பிறகுதான் குத்துக்கல் இடையே புல்கரணையும் (புல்லோடு பெயர்த்த மண்கட்டி) மண்ணும் வைத்து அடைத்து, கடைசியாக வரும் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைப்பார்கள். அதற்கு முன் யார் அங்கே கை வைத்தாலும், கண்மாயைக் காத்துத் தண்ணீர் பங்கிடும் எங்கள் நீர்பாய்ச்சி மண்வெட்டியோடு வந்துவிடுவார். அவருக்குச் சம்பளம் கிடையாது. அறுவடையில் களத்திலேயே நெல்லாக அளந்து கொடுக்கும் ‘சுதந்திரம்’ என்ற உரிமைப் பங்கு மட்டும்தான். மடையைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எந்நேரம் தண்ணீர் என்று சொல்வது எல்லாம் அவர் பாடு. பட்டா எங்கள் பெயரில் இருந்தாலும் கண்மாய்க்கு எஜமான் அவர்தான்.

1989இல் என் தகப்பனாரும் சித்தப்பாவும் ஒரு யோசனை செய்தார்கள். கண்மாய் தூர்ந்துபோய் முன்போல் தண்ணீர் நிற்கவில்லை. வண்டலை வெட்டி எடுக்க ஆள் கூலி ஏராளம். கலிங்கை ஓர் அடி உயர்த்தினால் அதே தண்ணீர் நாலு மூட்டை சிமெண்டில் கிடைக்கும். குத்துக்கல் இடைவெளிகளைச் செங்கல் வைத்து அடைத்து மேலே பூசிவிட்டார்கள். நீர்பாய்ச்சி தடுத்துப் பார்த்தார். "கலிங்கு வாய் மாதிரி தம்பி. வாயக் கட்டிப்புட்டா வயிறு வெடிக்கும்" என்று அவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. அப்போது நான் கோர்ட்டுக்குப் போய்வரும் பெரிய மனிதன். காதில் வாங்கவில்லை. அந்த வருடம் இரண்டு நடை தண்ணீர் கூடுதலாகப் பாய்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு கரை. மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் தடம் நடுக்கரையில் பள்ளமாகிக்கொண்டே வந்தது. யாரும் மண் போடவில்லை. கரையில் சீமைக்கருவேலம் மண்டியது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் வட்டாரமே ஜேசிபி எடுத்துக்கொண்டு கிளம்பியது. நாங்களும் கிளம்பினோம். உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பகுதியில், இருந்த மரத்தைப் பிடுங்கியது சரி. கரைமேல் நின்றதையும் வேரோடு பிடுங்கி, அந்தக் குழியில் உதிரி மண்ணைத் தள்ளி, வாளியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார் டிரைவர். அப்படிப்பட்ட குழியை அரை அடி அரை அடியாக ஈரமண் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து நிரப்ப வேண்டும். மேலே பார்க்க மட்டமாகத் தெரிந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது போன கார்த்திகையில் தெரிந்தது.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். கலிங்கில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, ஆனால் உயர்த்திய கலிங்கு ஆனதால் கண்மாய் கரை தளும்ப நின்றது. வெளிச்சரிவின் அடியில், 2017இல் மரம் பிடுங்கிய இடத்துக்கு நேர் கீழே, சுண்டுவிரல் பருமனில் ஓர் ஊற்று. பழைய கண்மாயில் கசிவு இருப்பது அதிசயமில்லை. நீர்பாய்ச்சி சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் அப்போது நினைவுக்கு வந்தது: "தம்பி, தண்ணி போறதப் பாக்காதீக. தண்ணி என்னத்தக் கொண்டுபோகுதுன்னு பாருங்க." வீட்டுக்கு ஓடிக் கண்ணாடி டம்ளர் எடுத்து வந்தேன். ஊற்றில் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினேன். தெளிந்த தண்ணீராக இருந்தால் தூங்கப் போயிருப்பேன். டீ நிறத்தில் இருந்தது. டம்ளரின் அடியில் மண் படிந்தது. அதாவது, கரை உள்ளுக்குள்ளேயே கரைந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வந்த இளவட்டங்கள் இரண்டு பேர், களிமண்ணைச் சாக்கில் கட்டி ஊற்றின் வாயில் திணித்தார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு அடி தள்ளி இன்னோர் இடத்தில் பீறிட்டது, முன்னைவிட வேகமாக. சாக்கைப் பிடுங்கச் சொன்னேன். ஊற்றை அடைக்கக் கூடாது. தண்ணீரைப் போகவிட வேண்டும், மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். என் மகள் வீட்டுக் குளியலறை வேலைக்காக எம்சாண்டும் முக்கால் ஜல்லியும் இறக்கியிருந்தோம். ஊற்றின் மேல் முதலில் எம்சாண்ட், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கைக்கு அடங்கும் கல், சுற்றிலும் மண்மூட்டை வளையம். பாண்டு பாண்டாகச் சுமந்து போட்டோம். நாலு மணிக்கு மறுபடி டம்ளர் பிடித்தேன். தெளிவாக வந்தது. அந்த டம்ளரை இன்னும் கழுவவில்லை.

நடுவில் ஒரு மணிக்கு இன்னொரு வேலை இருந்தது. கரைக்குக் கீழே ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில், இப்போது ஒன்பது வீடுகள் இருக்கின்றன. பிளாட் போட்டு விற்றது வேறு யாருமில்லை, எங்கள் பங்காளிகளில் ஒருவர். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றேன். ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, தூக்கக் கலக்கத்தில் கேட்டார்: "ஒங்க கம்மாதானே ஐயா, நீங்க பாத்துக்கிற மாட்டீகளா?"

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனையோ குறுக்கு விசாரணைகளைப் பார்த்தவன் நான், இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

விடிந்ததும் அலுவலகங்களுக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஓரிடத்தில், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால்தான் எங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னோரிடத்தில், அதற்குக் கீழே உள்ளது எங்களுடையதுதான், ஆனால் உங்களுடையது பட்டா நிலமாயிற்றே என்றார்கள். ஊராரைச் சேர்த்துக்கொண்டு கண்மாய்களைச் சீர்செய்யும் குடிமராமத்துத் திட்டத்தில் கேட்டேன். பொதுக் கண்மாய்க்குத்தான் என்றார்கள். ஏரிகள் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றவும் 2007இல் தமிழ்நாடு போட்ட சட்டம் பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கானது. நாடாளுமன்றத்தின் 2021 அணை பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றையும்தான் பார்க்கிறது. 10 மீட்டர் என்றால் 33 அடி. எங்கள் கரை 11 அடி. சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு வரப்பு. ஒன்பது வீட்டுக்காரர்களின் கண்ணுக்கு அது தலைக்கு மேலே நிற்கும் தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் போனால் என் சீனியர் கனவில் வந்து திட்டுவார். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஆலைக்காரர் தன் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். 1860இல் அந்தத் தண்ணீர் பூமிக்குள் கிடந்த பழைய சுரங்கக் குழிகள் வழியாக இறங்கிப் பக்கத்துக்காரர் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் என்ற அந்த வழக்கில் 1868இல், அந்நாட்டின் கடைசி அப்பீல் மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை சொன்னது: உன் ஆதாயத்துக்காக ஆபத்தான ஒன்றை உன் நிலத்தில் சேர்த்துவைத்தாய், அது தப்பித்துப் போய்ச் சேதம் செய்தால், கவனமாக இருந்தேன் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. கிட்டத்தட்ட அதே காலத்தில் நம் பக்கம் கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழைக்கு ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துக்கொண்டு போயின. கம்பெனி ஜமீன்தார்மேல் வழக்குப் போட்டது. அது, அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி அப்பீலைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1874இல் கம்பெனி தோற்றது. இந்த ஊரில் ஏரி என்பது தொன்றுதொட்டு வருவது, ஜமீன்தார் நினைத்தாலும் அதை அழிக்க முடியாது, ஊர் பிழைக்க அதைப் பராமரிப்பது அவர் கடமை, அஜாக்கிரதையாக இருந்தார் என்று காட்டாதவரை அவர்மேல் பொறுப்பு இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சின்ன வயதில் இந்தத் தீர்ப்பை டைப் அடித்தபோது ஜமீன்தார் பிழைத்தார் என்று நினைத்தேன். இப்போது படித்தால் வேறு இடம் உறுத்துகிறது. நாங்கள் யார்? ஜமீன்தாரா, லங்காஷயர் ஆலைக்காரரா? எங்கள் கண்மாய் பாண்டியர் காலத்தது அல்ல. தாத்தா தன் வயலுக்காகத் தன் நிலத்தில் கட்டியது. போகட்டும், ஜமீன்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் தப்பித்தது அஜாக்கிரதை நிரூபணம் ஆகாததால். கலிங்கு வாயைச் சிமெண்டால் பூசியவனுக்கு எந்த வக்கீல் அந்த வாதத்தை வைப்பார்?

என் பேரன் பொறியியல் படிக்கிறான். அவன் செல்போனில் ஒன்றைக் காட்டினான். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில், கவாய் என்ற தீவில், காலோகோ என்றொரு மண் அணை. கரும்புப் பாசனத்துக்காக 1890 வாக்கில் கட்டியது. பிற்காலத்தில் தனியார் ஒருவர் கையில் இருந்தது. 2006 மார்ச் 14ஆம் தேதி விடியுமுன் உடைந்தது. கீழே இருந்த ஏழு பேர் போய்விட்டார்கள், அதில் ஒரு பெண் கர்ப்பிணி. அந்த அணையின் கலிங்கை மண் போட்டு மூடிவிட்டார்கள் என்பதுதான் உடைமையாளர்மேல் வந்த குற்றச்சாட்டு. இதைப் பேரன் படித்துக் காட்டும்போது என் வீட்டு முற்றத்திலிருந்து எங்கள் கலிங்கு தெரிகிறது.

சென்ற மாதம் ஒரு கொத்தனாரை அழைத்துப்போய் டியூப் மட்டம் பிடித்தோம். தாத்தா கட்டியபோது கலிங்கு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் மூன்றரை அடி இருந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கலிங்கை உயர்த்தியதில் ஓர் அடி போயிற்று. மாட்டுத் தடத்தில் கரை முக்கால் அடி இறங்கியிருக்கிறது. மிச்சம் ஒன்றே முக்கால் அடி. கலிங்கு தாங்காமல் தண்ணீர் அவ்வளவு ஏறிவிட்டால், அந்தத் தடத்தின் வழியே கரையைத் தாண்டும். மண் கரையைத் தண்ணீர் தாண்டினால் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே இறங்கும். பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதில் பாதி எங்கள் மேட்டில் பெய்தால் போதும்.

அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிய வாசகருக்கு இப்போது வருகிறேன். 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் ஜமீன் கண்மாய்கள் அரசிடம் போயின. அது நியாயம்தான். ஆனால் கண்மாய் போன வேகத்தில் நீர்பாய்ச்சிக்கு அளந்த நெல்லும் பல ஊர்களில் போனது. எங்கள் ஊரில் அரசு எதையும் எடுக்காமலேயே அது போனது. 2004இல் எங்கள் நீர்பாய்ச்சி காலமான பிறகு அந்த வேலைக்கு யாரையும் நாங்கள் வைக்கவில்லை. யார் பெயரில் பட்டா என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மழை ராத்திரியில் கரையில் நடக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். கரை உடையும் நிலை வந்தால் ஊரார் வந்து வேலை செய்ய வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. அன்றைக்கு அரசாங்கத்துக்கே அந்தப் பயம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்பது பணம் இல்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் கிராம நிர்வாக அலுவலர் தன் கிராமத்துப் பட்டாக் கண்மாய்களை ஒரு தாளில் எழுதட்டும். சர்வே எண், கரை நீளம், கலிங்கு திறந்திருக்கிறதா, கரைக்குக் கீழே எத்தனை வீடு. ஒரு நாள் வேலைகூட இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர், ஐப்பசி மழை இறங்கும் முன், வீடு உள்ள கரைகளை மட்டும் ஒரு நடை நடந்து பார்க்கட்டும். தப்பு இருந்தால் உடைமையாளனுக்கு நோட்டீஸ் கொடுக்கட்டும். எனக்கே முதல் நோட்டீஸ் கொடுக்கலாம். குமாஸ்தாவாக எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் சார்வு செய்திருக்கிறேன், எனக்கு வந்தால் மறுக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். கூடவே, பட்டாக் கண்மாயின் வண்டலைச் சொந்த வயலுக்கு எடுக்கவாவது நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கட்டும். கண்மாய் ஆழமாக இருந்திருந்தால் என் தகப்பனார் கலிங்கில் கை வைத்திருக்க மாட்டார்.

அதுவரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. மாட்டுத் தடத்துக்கு நாலு டிராக்டர் களிமண் அடித்து, அடுக்கடுக்காக இடித்தாகிவிட்டது. கலிங்கின்மேல் பூசிய சிமெண்டையும் செங்கலையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உடைக்கிறோம். ஓர் அடித் தண்ணீர் குறையும், கடைசி நடை பாயாது என்று பங்காளிகளுக்குள் ஒரு மாதமாகச் சண்டை. ஐந்தில் மூன்று பேர் சம்மதித்துவிட்டோம். மீதி இரண்டு பேரும் சிங்கப்பூரில் தினமும் இணையத்தில் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள். இந்தக் கடிதத்தையே அவர்களுக்கு அறிவிப்பாக வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
சிங்கம்புணரி வட்டம், சிவகங்கை மாவட்டம்.